தம்பிக்கு ஒரு திருஷ்டிப் பழம்

கோபிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டான். பேச்சை நிறுத்திவிடுவான், மாவில் உப்பை இரண்டு தடவை போட்டுவிடுவான். அயனம்பாக்கத்தில் அவனுடைய இட்லி மாவுக் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இந்த வாரம் புதன்கிழமையிலிருந்து மாவு கரித்துக்கொண்டிருந்தது.

"இன்னா அண்ணாத்தே, ஊட்ல சண்டையா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். கோபி மாவு பாக்கெட்டை நீட்டிவிட்டு அடுத்தவரைப் பார்த்தான்.

சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் பேசவேண்டுமே!

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வரலட்சுமி விஷயத்தைப் போட்டு உடைத்ததைப் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் இன்ஜினுக்குத் தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனியில், அவள் பேக்கிங்கில் இருப்பதாகத்தான் கோபி நினைத்துக்கொண்டிருந்தான். "பேக்கிங்ல இல்ல. ஒரு மாசமா ரோபோகூட வேலை செய்றேன். கூண்டு கிண்டு ஒண்ணும் கெடையாது. ஒரே மேஜை. அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்" என்றாள். அந்த மேஜைக்கு நிரந்தரமாக வருகிறாயா, இல்லை பேக்கிங்குக்கே போகிறாயா என்று வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அன்று மத்தியானம் வீட்டு மனிதர்களும் வந்து பார்க்கலாமாம். நீயும் வாய்யா என்று கூப்பிட்டாள்.

கோபி தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். அந்த வலது கையில் மூன்று விரல்கள்தான் உண்டு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒரு பட்டறையின் பவர் பிரஸ் எடுத்துக்கொண்டு நான்கு வருஷம் ஆகிறது.

போகிற போக்கில் ஒன்றே ஒன்று சொன்னான். "நீ எங்க வேணா வேலை செய். மெஷினாண்ட மட்டும் கைய வெக்காத."

வரலட்சுமியின் வேலையே கையை வைப்பதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது கோபி சமையலறைக்கு வந்தான். கையில் ஒரு எலுமிச்சம்பழம், நாலைந்து பச்சை மிளகாய், ஒரு துண்டு கரி. எல்லாவற்றையும் பிளஸ் டூ படிக்கிற மகள் பவ்யாவிடம் நீட்டினான். மூன்று விரலால் மாவு கட்டுவான், வண்டி ஓட்டுவான், சட்டைக்குப் பொத்தான் போடுவான். ஊசியில் நூல் கோப்பது மட்டும் இன்னும் அவனுக்குக் கைவரவில்லை.

"எதுக்கு நைனா? கடையில கட்டினது அப்டியே கீதே."

"கடைக்கு இல்ல. உங்கம்மா வேலை செய்ற எடத்துக்கு."

பவ்யா சிரித்துவிட்டாள். "ரோபோவுக்குப் போய் யாரு நைனா கண்ணு வெக்கப் போறாங்க?"

"அதுக்கு வெச்சா எனக்கு இன்னா, வெக்காட்டி எனக்கு இன்னா? உங்கம்மா மேல ஒண்ணும் வரக்கூடாது. கோரு."

கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் பிள்ளைகள்தான் டெலிபோன். வரலட்சுமி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "மாட்டுறேன்னு சொல்லு பவ்யா" என்றாள்.

"மறக்காம மாட்டச் சொல்லு" என்றான் கோபி.

"எனக்கு ஸ்கூலுக்கு நேரமாவுது. நீங்களே பேசிக்குங்க" என்று டெலிபோன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பவ்யா கோத்துக் கொடுத்த பழத்தைக் கோபி ஒரு காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான். பையின் ஜிப்பையும் அவனே இழுத்து மூடினான். மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனிதன் இதைச் செய்ததைப் பார்த்து வரலட்சுமிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு யோசித்தாள். அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. அதை யாரிடமும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேக்கிங்கில் இருந்த வருஷங்களில் இரும்பு பம்பைத் தூக்கித் தூக்கி ராத்திரியில் முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். இப்போது தூக்குகிற வேலை அதனுடையது. அது மட்டுமா? முதல் நாள் அந்த ரோபோக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, இங்கே எடு, இப்படித் திருப்பு, இங்கே வை என்று நடத்திக் காட்டியவளே அவள்தான். ஒரு தடவை காட்டியதை அது அப்படியே செய்தபோது, பவ்யா முதல்முதலாக நடந்த அன்றைக்கு வந்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது. இதையெல்லாம் கோபியிடம் எப்படிச் சொல்வது? மெஷினைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினால், அந்தக் கையின் முன்னால் பேசுகிற மாதிரி இருக்குமே.

கம்பெனியில் பெண்கள் எல்லோரும் அந்த ரோபோவைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். சொன்னதைச் செய்யும், எதிர்த்துப் பேசாது, கேட்டதை எடுத்துக் கொடுக்கும். "என் கூடப்பிறந்த தம்பிகூட இப்படி இல்லடி" என்று அடுத்த மேஜை ஜமீலா சொல்லப்போக, அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பூந்தமல்லியிலிருந்து வருகிற ஜமீலாவுக்கு வரலட்சுமி வீட்டு நிலவரம் அத்தனையும் அத்துப்படி.

காகிதத்தைப் பிரித்ததும் ஜமீலா கண்ணை விரித்தாள்.

"யார் குடுத்தது, அண்ணனா? அப்ப கோவம் போயிடுச்சா?"

"கோவம் போவல. பயந்துகினு கீறாரு."

"அப்ப மாட்டிடு. சரி, எங்க மாட்டுவே?"

நல்ல கேள்வி. ஆட்டோவுக்கு முன்பக்கம் உண்டு. லாரிக்கு உண்டு. கடைக்கு வாசல் உண்டு. மேஜை நடுவில் நின்றுகொண்டு எல்லாப் பக்கமும் திரும்புகிற ஒற்றைக் கைக்கு முன்பக்கம் எது? இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"கைதானே முன்னாடி போவுது? கையிலயே கட்டு. காப்பு கட்டின மாதிரி இருக்கும்" என்றாள் ஜமீலா.

எஞ்சினியர் பிரசன்னா வருவதற்குள் கட்டியாகிவிட்டது. தம்பியின் மணிக்கட்டில் பழமும் மிளகாயும் கரியும் தொங்கின. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் சில பம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பி தட்டிலிருந்து பம்பை எடுத்து, ஜிக் என்கிற இரும்புத் தாங்கியில் உட்காரவைக்கும். வரலட்சுமி பள்ளத்தில் ரப்பர் வளையத்தைப் பதித்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் பொத்தானைத் தட்டுவாள். தம்பி மூடியை எடுத்து வந்து அழுத்தி, திருகாணி போடும். தலையை ஆட்டவேண்டிய அவசியமே இல்லை, ஆனால் அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. பழம் இப்படியும் அப்படியும் ஊஞ்சல் ஆடியது.

மத்தியானச் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அது நடந்தது. தம்பி மூடியோடு கீழே இறங்கும்போது பழம் சரியாக ஜிக்குக்கும் கைக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. தம்பி சட்டென்று நின்றது. தலைமேல் இருந்த பச்சை விளக்கு சிவப்பானது. கீங் கீங் என்று ஒரு சத்தம்.

கண்ணாடி அறையிலிருந்து பிரசன்னா ஓடி வந்தான். காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட்டில் இருக்கிற, வெளியூரிலிருந்து வந்த இளைஞன். நல்ல பையன். ஆனால் சத்தம் கேட்டால் பதறுவான்.

"அக்கா, கை மாட்டிக்கிச்சா? காட்டுங்க!"

"எனக்கு ஒண்ணுமில்ல சார். பழம்தான்."

"பழமா?"

அவன் குனிந்து பார்த்தான். பழம், மிளகாய், கரி என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணினான்.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றான் கடைசியில். "மெஷின் தானா நின்னா, பெரியவர் வந்து பார்த்தப்புறம்தான் எடுக்கணும். அக்கா, ரோபோ கையில எதையும் கட்டக்கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனே."

சொல்லியிருந்தான். துணி கட்டாதீர்கள், பை மாட்டாதீர்கள் என்றெல்லாம் சொல்லியிருந்தான். திருஷ்டிப் பழம் அந்தக் கணக்கில் வரும் என்று வரலட்சுமிக்குத் தோன்றவே இல்லை. சாமி விஷயத்தை யாராவது சாமானோடு சேர்ப்பார்களா?

"என் தப்புதான் சார்" என்றாள். பதில் சொல்லவேண்டிய நாள் அன்றா இப்படி ஆகவேண்டும்! பெரியவர் என்று பிரசன்னா சொன்னது தொழிற்சாலை மேலாளர் ஜானகிராமனை. அவர் சிரித்து யாரும் பார்த்தது கிடையாது.

இந்த இடத்தில்தான் ஜமீலா ஒரு காரியம் செய்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். வேலை செய்கிற இடத்தில் போன் கூடாது, எல்லோருடைய போனும் லாக்கரில் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் தன் போனை எடுத்து கோபியைக் கூப்பிட்டாள். பழம் கொடுத்த மனிதரே வந்து பெரியவரிடம் சொல்லட்டும், வந்த சாக்கில் தம்பியையும் பார்த்துவிடட்டும் என்பது அவள் கணக்கு.

"அண்ணா, ஜமீலா பேசறேன். மெஷின்ல ஒரு சின்ன பிரச்சனை. நீங்க கொஞ்சம் வந்தா நல்லாருக்கும்."

மணி அடித்துவிட்டது. போனை வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? நான்கு வருஷத்துக்கு முன்னால் பட்டறையிலிருந்து வரலட்சுமிக்குப் போன் செய்தவனும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னான். மெஷினில் ஒரு சின்ன பிரச்சனை, நீங்கள் கொஞ்சம் வந்தால் நல்லாயிருக்கும். அதை நம்பி, சின்னப் பிரச்சனைதானே என்று அவள் வழியில் ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் பழம் கீழே விழுந்து உருண்டது. இதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். அந்த வார்த்தைகள் கோபிக்கு மனப்பாடம்.

கோபி திரும்பக் கூப்பிட்டான். ஜமீலா எடுக்கவில்லை. வரலட்சுமியைக் கூப்பிட்டான். அவளும் எடுக்கவில்லை. கிரைண்டரில் அரிசி ஓடிக்கொண்டிருந்தது. கடையைச் சாத்தவும் தோன்றாமல் டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

ஏரிக்கரை வழியாக, லாரிகளுக்கு நடுவில் புகுந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனான். எந்தக் கை என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. வலது கையா, இடது கையா? அவள் கோலம் போடுகிற கையா? பவ்யாவுக்குத் தலை பின்னுகிற கையா? பழம் கட்டிக் கொடுத்தேனே, பழம் கட்டிக் கொடுத்தேனே என்று வாய் தானாகப் புலம்பியது. அவனுக்குக் கடவுள் மேல் கோபம் வந்தது, தன் மேல் அதைவிட அதிகமாக வந்தது. மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்துவிட்டேனே என்று நினைத்ததும் கண்ணீர் கண்ணை மறைத்தது.

கேட்டில் இருந்த காவலாளி அவனைப் பார்த்ததும், "ஊட்டு ஆளுங்க பாக்க வர்ற நேரம்தான், வாங்க" என்று சாவகாசமாக ஒரு மஞ்சள் ஜாக்கெட்டை நீட்டினார்.

"என் பொண்டாட்டி எங்க கீறா?"

"யாருப்பா உன் பொண்டாட்டி?"

"வரலட்சுமி. கை... கை எப்படி கீது?"

காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஜாக்கெட்டை அவரே மாட்டிவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

வரலட்சுமி தம்பியின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். லுங்கியும், முழங்கை வரை காய்ந்த மாவும், மேலே மஞ்சள் ஜாக்கெட்டுமாக ஒரு ஆள் ஓடி வருவதைப் பார்த்து முதலில் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் திகைத்துப்போனாள்.

"இன்னாங்க? பவ்யாவுக்கு இன்னா ஆச்சு?"

கோபி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு விரலாகத் தொட்டான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். அந்தக் கை முடிந்ததும் இந்தக் கை. பத்தும் இருந்தன. இருந்தும் நம்பாமல் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் தொட்டு முடிக்கும் வரைக்கும் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றாள். சுற்றி இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கூச்சம்கூட வரவில்லை.

"எல்லாம் கீதுய்யா" என்றாள் மெதுவாக. "ஒண்ணும் போவல."

"பின்ன இன்னாத்துக்கு வரச் சொன்னாங்க?"

ஜமீலா வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான் அண்ணா. மெஷின் நின்னுடுச்சுன்னு..." தன் வார்த்தை என்ன செய்துவிட்டது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மெஷினு எப்படி நின்னுது?" என்றான் கோபி.

பிரசன்னா மேஜையைக் காட்டினான். தம்பி இறங்கிய நிலையில் அப்படியே குனிந்து நின்றது. கைக்கும் இரும்புக்கும் நடுவில் அந்த எலுமிச்சம்பழம்.

"இது நீங்க குடுத்ததாமே. நடுவுல மாட்டிக்கிச்சு. எதோ எதிர்க்குதுன்னு தெரிஞ்சதும் நின்னுடுச்சு."

"பழம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"பழம்னு தெரியாதுங்க. கையா இருந்தாலும் இருக்கும்னுதான் நிக்கும். எது குறுக்க வந்தாலும் கைன்னுதான் அது எடுத்துக்கணும். அப்படித்தான் பண்ணி வெச்சிருக்கோம்."

கோபி அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறையில் அந்த பிரஸ்ஸோடு அவன் எத்தனையோ வருஷம் வேலை செய்தான். தினமும் துடைத்தான், எண்ணெய் விட்டான், ஆயுத பூஜைக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினான். அவன் கை உள்ளே இருந்த ஒரு நொடியில் அது அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இதுவோ நேற்று வந்தது. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு நின்றிருக்கிறது.

அதற்குள் ஜானகிராமன் வந்துவிட்டார். சுற்றி வந்து பார்த்தார், போட்டோ எடுக்கச் சொன்னார், பழத்தையும் மிளகாயையும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"யார் கட்டினது?"

"நான்தான் சார்" என்றாள் வரலட்சுமி.

"நான்தான் சார்" என்றாள் ஜமீலா அதே நேரத்தில்.

"குடுத்தது நான் சார்" என்று கோபி முன்னால் வந்தான். "தப்பு என்னுது. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத்தான் பயம். அதான் கட்டிவுடச் சொன்னேன்."

ஜானகிராமன் அவனைப் பார்த்தார். கும்பிட்டபடி இருந்த அந்தக் கையையும் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. ஆனால் குரல் தளரவில்லை.

"பயம் இருக்கறது தப்பில்ல. ஆனா இங்க கட்டினது தப்பு. இன்னிக்குப் பழம் மாட்டிச்சு. நாளைக்கு நூல் போய் யார் கையையாவது சுத்திக்கிட்டா?" பிரசன்னாவிடம் திரும்பினார். "எடுத்துட்டு, வேகத்தைக் குறைச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க."

பிரசன்னா கையை மேலே தள்ளி, பழத்தை எடுத்து, நூலை வெட்டினான். பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். கோபி கையை நீட்டி வாங்கிக்கொண்டான். உடையவில்லை. தோலில் ஒரு பக்கம் லேசாக அழுந்தின தடம், அவ்வளவுதான். ஒரு சொட்டுச் சாறுகூட வெளியே வரவில்லை.

அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் அழாதவன், வேலை போன அன்றைக்கு அழாதவன், பழத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதான். ஜானகிராமன் பக்கத்து மேஜையில் எதையோ பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டார்.

"இதுக்கு நின்னுச்சே வரலு" என்றான். "இத்துனூண்டு பழம். இதுக்கு நின்னுச்சே."

"ஆமாய்யா" என்றாள் அவள்.

பிரசன்னா தம்பியை ஓடவிட்டான். அது மெதுவாகத் திரும்பி, பம்பை எடுத்து வந்து ஜிக்கில் உட்காரவைத்தது. வரலட்சுமி கோபியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கையை வைத்தாள்.

கோபியின் கண் தானாக மூடிக்கொண்டது. ஒரு வாய்ச் சோறு விழுங்குகிற நேரம்தான். பிறகு கஷ்டப்பட்டுத் திறந்தான். அவள் விரல்கள் ரப்பர் வளையத்தைப் பள்ளத்தில் பதித்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை, எடுத்துத் திரும்பவும் வைத்தாள். தலைக்கு மேலே இரும்புக் கை அசையாமல் நின்றது.

"எம்மா நேரம் இப்டியே நிக்கும்?" என்று கேட்டான்.

"அக்கா முடிக்கிற வரைக்கும்" என்றான் பிரசன்னா.

"தண்ணி குடிக்கப் போனா?"

"வர்ற வரைக்கும் நிக்கும்."

வரலட்சுமி விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். தலையை ஆட்டினாள். பொத்தானைத் தட்டினாள். அதற்கப்புறம்தான் அது அசைந்தது. கோபிக்குப் பட்டறை ஞாபகம் வந்தது. அங்கே மெஷின் ஓடுகிற ஓட்டத்துக்கு மனுஷன் ஓடவேண்டும். இங்கே இவள் தலையாட்டுகிற வரைக்கும் அது காத்திருக்கிறது. அவள் மேல் அவனுக்குப் பெருமை வந்தது. வந்ததை மறைக்கவும் தெரியவில்லை.

"அப்ப உங்க பதில் என்னம்மா?" என்றார் ஜானகிராமன்.

வரலட்சுமி கோபியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கிற? சாரு உன்னைத்தான் கேக்கிறாரு" என்றான் அவன்.

அவள் நிமிர்ந்தாள். "வர்றேன் சார். இந்த மேஜைக்கே வர்றேன்."

"உங்க பதில் கிடைச்சாச்சு. என் பதிலுக்கு நீங்க காத்திருக்கணும். கட்டக்கூடாதுன்னு சொன்னதைக் கட்டியிருக்கீங்க. பாதுகாப்புக் குழு திங்கட்கிழமை கூடுது. அது வரைக்கும் இந்த மேஜை பூட்டு." சொல்லிவிட்டு நாலு எட்டு நடந்தவர், பிரசன்னாவிடம், "ரெண்டாவது ரோபோ வர்றதுக்கு முன்னாடி எதையெதைக் கட்டக்கூடாதுன்னு இன்னும் தெளிவாச் சொல்லுங்க. எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார். அவர் சிரித்தாரா என்று ஜமீலாவால் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

ஷிப்ட் முடிகிற வரைக்கும் கோபி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். வரலட்சுமி வந்ததும் திடுக்கிட்டு எழுந்தான்.

"ஐயய்யோ, கிரைண்டரு! ஓடவுட்டு வந்துட்டேனே!"

பவ்யாவுக்குப் போன் போட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் எப்போதோ நிறுத்திவிட்டாளாம். "மாவு வழியிற அளவுக்கு ஓடிக்கினு இருந்துது. கடையைத் தொறந்து போட்டுட்டு எங்க போனீங்க?" என்று அவள் கத்தியது பக்கத்து டேபிளுக்கே கேட்டது.

"அது எங்க நிக்கும்?" என்றான் கோபி, வண்டியை எடுத்துக்கொண்டே. "நாமதான் நிறுத்தணும்."

வரலட்சுமி பின்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் பேசாமல் போனார்கள். இது வேறு மாதிரிப் பேசாமல் இருப்பது. மூன்று நாளாக இருந்தது போல் இல்லை. திங்கட்கிழமை என்ன சொல்வார்களோ என்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

ஏரிக்கரையில் கோபி வண்டியை ஓரம் கட்டினான். சட்டைப் பையில் இருந்த பழத்தை எடுத்துக் கையில் உருட்டினான். வெயில் தணிந்து, தண்ணீர் மேலிருந்து காற்று வந்தது.

"அந்த சாரு ரெண்டாவது மெஷினுன்னாரே. எப்ப வருது?"

"தீபாவளிக்கு முன்னாடின்னு சொல்லிக்கினு கீறாங்க."

"அதுக்கு ஆள் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க. ஏன், உங்க தங்கச்சிக்குக் கேக்கணுமா?"

அவன் பழத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"மூணு விரல் கீறவனை எடுப்பாங்களா வரலு?"

நான்கு வருஷத்தில் அந்தக் கையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாராவது பார்த்தால் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். கம்பெனி பக்கம் போகிற ரோட்டில்கூட வண்டியை விடமாட்டான். வரலட்சுமிக்கு எடுப்பார்கள் என்று சொல்ல ஆசையாக இருந்தது. பொய்யாகிவிட்டால்? பழத்தோடு சேர்த்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"தெரியலய்யா" என்றாள். "திங்கக்கெழம நானும் ஒரு பதில் கேக்கத்தான் போறேன். நீயும் வா. ரெண்டுத்தையும் சேத்துக் கேட்டுடலாம்."

கோபி தலையை ஆட்டினான். வண்டியைக் கிளப்பினான்.

அன்று சாயங்காலம் மாவு வாங்கியவர்கள் மறுநாள் காலையில் கடைக்கு வந்து நின்றார்கள். மாவில் உப்பே இல்லையாம்.